விமானம் எதை நம்பும்?

2005 ஆகஸ்ட் 1. பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸ் எம்எச்124, மாலை ஐந்து மணிவாக்கில் 38,000 அடியைக் கடந்து ஏறிக்கொண்டிருந்தது. போயிங் 777 ரகம். விமானிகளின் திரையில், வேகம் மிகவும் குறைந்துவிட்டதாக ஓர் எச்சரிக்கை வந்தது. வேகம் உச்சவரம்பைத் தொடப்போவதாகவும் அதே திரை காட்டியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லை. எதை நம்புவது என்று யோசிப்பதற்குள் விமானத்தின் மூக்கு தானாக மேலே எழுந்தது. ஏறத்தாழ 41,000 அடிவரை போனது. மணிக்கு 270 கடல் மைல் என்று காட்டிய வேகம் 158 ஆகச் சரிந்தது. இறக்கைகள் தூக்குவிசையை இழக்கப்போகின்றன என்று எச்சரிக்கும் அதிர்வு விமானியின் கைப்பிடியில் கிளம்பியது.

தலைமை விமானி ஆட்டோபைலட்டைத் துண்டித்து மூக்கைத் தாழ்த்தினார். உடனே எஞ்சின் விசையைக் கவனிக்கும் இன்னொரு தானியங்கி, விசையைக் கூட்டத் தொடங்கியது. அதையும் கையால் இழுத்து அடக்க வேண்டியிருந்தது. மூக்கு மறுபடி எழுந்து விமானம் இன்னும் 2,000 அடி ஏறியது. ஓர் ஆட்டோபைலட்டைப் போட்டுப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. மற்றதைப் போட்டால் விமானம் வலப்பக்கம் சாய்ந்து கீழே குனிந்தது. கடைசியில் கையாலேயே ஓட்டிவந்து பெர்த்தில் பத்திரமாக இறக்கினார்கள்.

எஞ்சினில் கோளாறு இல்லை. இறக்கையில் இல்லை. வானிலையும் காரணமில்லை. விமானத்தின் வயிற்றுக்குள் ஒரு பெட்டியில் இருந்த சிறு சென்சார் ஒன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகிவிட்ட ஒன்று, அன்று மாலை மறுபடி பேசத் தொடங்கியதுதான் காரணம்.

ஜொகூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதையாகத் தோன்றலாம். ஆனால் நம் தலைக்கு மேலே நாள் முழுதும் போகும் விமானங்களை எண்ணிப் பாருங்கள். செனாயில் இறங்குபவை, சாங்கிக்குத் தாழ்பவை, செலேத்தாருக்கு பாசிர் கூடாங் வழியாக வருபவை என்று மூன்று விமான நிலையங்களின் போக்குவரத்து நம் கூரைகளுக்கு மேல் நடக்கிறது. அந்தப் பெரிய விமானங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் எம்எச்124இல் இருந்ததைப் போன்ற ஒரு பெட்டி இருக்கிறது. பல விமானங்களில் மூன்று இருக்கும். வெளியுலகைப் பார்க்காமலே ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லும் பெட்டி அது. அது எப்படித் தவறுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கண்ணைக் கட்டிக்கொண்டு கணக்கு

ஒரு காலத்தில் ஜொகூர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு இந்தப் பெட்டியின் வேலை விளங்கும். லயத்துவீட்டை விட்டு எத்தனை எட்டு நடந்தோம், எந்த இடத்தில் எவ்வளவு திரும்பினோம் என்ற கணக்கை உடம்பே வைத்துக்கொள்ளும். இருட்டிலும் தன் நிரையின் முதல் மரத்துக்குக் கை போய்விடும். பெட்டி செய்வதும் இதுதான். புறப்பட்ட இடம் தெரியும். அதன்பின் ஒவ்வோர் அசைவையும் அளந்து கூட்டிக்கொண்டே போகும். ரேடியோ வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம், ஜன்னல்கூட வேண்டாம்.

அளப்பதற்கு இரண்டு வகைச் சென்சார்கள். முடுக்கமானி, வேகம் கூடுவதையும் குறைவதையும் உணரும். ஜைரோ, திரும்புவதை உணரும். முடுக்கத்தை நேரத்தோடு கூட்டினால் வேகம் கிடைக்கும். வேகத்தைக் கூட்டினால் தூரம். எந்தத் திசையில் தூரம் என்பதை ஜைரோ சொல்லும். பெயர் நிலைம வழிகாட்டல். விமானத்துறையில் எல்லோரும் ஐஆர்எஸ் என்பார்கள்.

இரண்டு முறை கூட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல். முடுக்கமானி நிற்கும்போதும் பூச்சியம் காட்டாமல், புவியீர்ப்பில் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு அதிகமாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல விமானச் சென்சாரின் தரமே ஏறத்தாழ இதுதான். தட்டையான உலகத்தில் இதை அப்படியே கூட்டினால் ஒரு மணி நேரத்தில் பிழை 3 கிலோமீட்டரைத் தாண்டும். நேரம் இருமடங்கானால் பிழை நான்கு மடங்காகும் என்பதால், ஐந்து மணி நேரத்தில் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். பெர்த்திலிருந்து கோலாலம்பூர் வருவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது.

நல்லவேளை, உலகம் தட்டையில்லை. பெட்டி தன் இடத்தைத் தவறாகக் கணித்தால், ‘கீழ்’ எது என்பதையும் சற்றுத் தவறாகவே கணிக்கும். அப்போது புவியீர்ப்பின் ஒரு துளி கிடைமட்டக் கணக்கில் கசிந்து, பிழைக்கு எதிர்த்திசையில் இழுக்கும். அதனால் பிழை வளர்ந்துகொண்டே போகாமல் 84.4 நிமிடத்துக்கு ஒருமுறை போய்த் திரும்பி ஆடும். மாக்ஸ் ஷூலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், கப்பல் ஜைரோ திசைகாட்டிகளின் தொல்லையை ஆராயும்போது கண்டு 1923இல் எழுதியது இது. பூமியின் ஆரம் அளவுக்கு நீண்ட ஊசல் ஒன்று இருக்குமானால் அதன் ஆட்டக்காலமும் 84.4 நிமிடம்தான். மேலே சொன்ன அதே முடுக்கமானிப் பிழை, ஷூலரின் ஆட்டத்துக்குள் சிக்கினால் ஏறத்தாழ 640 மீட்டரைத் தாண்டாது. 80 கிலோமீட்டர் எங்கே, 640 மீட்டர் எங்கே! எந்தப் பொறியாளரும் போட்டுக் கொடுக்காத திருத்தம் இது. உருண்டையான பூமி இலவசமாகத் தருகிறது.

ஜைரோ விஷயத்தில் இந்தச் சலுகை இல்லை. ஜைரோ மணிக்கு ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு நழுவினால், அந்த நழுவல் நேராக இடப்பிழையாகச் சேரும். பூமியின் மேல் ஒரு பாகை 60 கடல் மைல். அதில் நூறில் ஒரு பங்கு 0.6 கடல் மைல், அதாவது 1.1 கிலோமீட்டர். மணிக்கு ஒரு ஜொகூர் பாலத்தின் நீளம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பெர்த்–கோலாலம்பூர் பயணத்தில் ஆறு கிலோமீட்டர் அளவுக்குச் சேரும். நடுக்கடலில் இது ஒரு பொருட்டே இல்லை. பத்து மணி நேரம் வரையிலான பயணங்களில் 95 சதவீதத்தில் பிழை மணிக்கு 2 கடல் மைலுக்குள் இருந்தால் போதும் என்பது அமெரிக்க விதி. இன்றைய ஜைரோக்கள் அந்த விதிக்கு வெகுவாக உள்ளேயே நிற்கின்றன. நம் கைப்பேசிக்குள்ளும் ஜைரோ இருக்கிறது. அது இதைவிட ஆயிரம் மடங்கோ அதற்கு மேலோ மோசமானது. சட்டைப்பையில் இருக்கும் கருவியை நம்பிக் கடலைக் கடக்க முடியாது.

மணிக்கு நூறில் ஒரு பாகை என்றால் எவ்வளவு மெதுவான சுழற்சி தெரியுமா? கடிகாரத்தின் சிறிய முள் மணிக்கு 30 பாகை நகர்கிறது. அதைவிட மூவாயிரம் மடங்கு மெதுவான சுழற்சி இது. இதைப் பிடிக்க இன்றைய பெரும்பாலான விமானங்கள் லேசரைப் பயன்படுத்துகின்றன. மூடிய வளையப் பாதை ஒன்றில் இரண்டு ஒளிக்கற்றைகளை எதிரெதிர்த் திசையில் ஓடவிடுவார்கள். பெட்டி சுழன்றால் ஒரு கற்றைக்குப் பாதை நீளும், மற்றதற்குக் குறுகும். 1913இல் பிரெஞ்சு இயற்பியலாளர் சாஞ்யாக் காட்டிய விளைவு. லேசர் ஜைரோ 1982இல் போயிங் 767 விமானத்தோடு பயணிகள் சேவைக்கு வந்தது.

இதிலும் ஒரு குறும்பு உண்டு. சுழற்சி மிக மெதுவாக இருந்தால் இரண்டு கற்றைகளும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, சுழற்சியே இல்லை என்று காட்டும். அந்தப் பூட்டை உடைக்க ஜைரோவை நொடிக்குப் பல நூறு முறை வேண்டுமென்றே நடுங்க வைக்கிறார்கள். அந்த நடுக்கத்தின் ரீங்காரத்தைப் பக்கத்தில் நின்றால் கேட்கலாம். ஒரு பிழையைப் போக்க இன்னொரு அசைவைச் சேர்த்து, பிறகு அந்த அசைவைக் கணக்கிலிருந்து கழிப்பது! இந்தத் துறையில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது. வெப்பநிலை மாறினால் பூச்சியம் நகரும். அதைத் தொழிற்சாலையில் சூடாக்கியும் குளிரவைத்தும் அளந்து, அட்டவணையாக்கிப் பெட்டிக்குள் எழுதிவிடுகிறார்கள். மூன்று அச்சுகளும் சரியான செங்கோணத்தில் இல்லாவிட்டால் அந்தக் கோணல், அளவுகோல் நீண்டோ சுருங்கியோ இருந்தால் அந்த விகிதம், எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைப் போல விமானப் பொறியியல் நடக்கும் இடங்களில், இந்தப் பிழைகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, விமானம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று வரைந்து பார்க்கலாம். தனியாகத் திருத்த முடியாதது, கணத்துக்குக் கணம் மாறும் இரைச்சல்.

உயரக் கணக்கில் மட்டும் நிலைமை தலைகீழ். அங்கே ஷூலரின் ஆட்டம் உதவாது. பிழை தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஒன்பதரை நிமிடத்துக்கும் ஏறத்தாழ 2.7 மடங்காகும். ஆகவே உயரத்துக்கு எப்போதும் காற்றழுத்தமானியைத் துணைக்கு வைத்திருக்கிறார்கள்.

செனாயில் ஐந்து நிமிடம்

புறப்படுமுன் பெட்டிக்குத் திசை காட்ட வேண்டும். விமானம் அசையாமல் நிற்கும்போது முடுக்கமானிகள் கீழ்த்திசையைக் கண்டுபிடிக்கும். பிறகு ஜைரோக்கள் பூமி சுழல்வதையே உணர்ந்து வடக்கைக் கண்டுபிடிக்கும். பூமி மணிக்கு 15 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி தரைக்கு எவ்வளவு கிடையாகத் தெரிகிறதோ அவ்வளவு எளிதாக வடக்கு கிடைக்கும். இந்த விஷயத்தில் ஜொகூர் கொடுத்துவைத்தது. செனாய் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகைகூட இல்லை; பூமியின் சுழற்சி இங்கே கிட்டத்தட்ட முழுக்கக் கிடையாகவே இருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்த வேலை, துருவப் பக்கத்தில் பதினேழு நிமிடம்வரை இழுக்கும். நம் ஊரில் கிடைக்கும் வடக்கு, துல்லியத்திலும் ஒரு படி மேல்: அதே ஜைரோப் பிழைக்கு இங்கே வரும் திசைப்பிழையைப் போல, 70 பாகை அட்சரேகையில் ஏறத்தாழ மூன்று மடங்கு வரும்.

பூமியின் சுழற்சியிலிருந்து பெட்டி தன் அட்சரேகையையும் தானே ஊகித்துக்கொள்ளும். தீர்க்கரேகையை மட்டும் அதனால் அறிய முடியாது. பூமியின் சுழற்சிக்கு செனாயும் சரி, அதே அட்சரேகையில் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஊரும் சரி, ஒன்றுபோலத்தான் இருக்கும். தீர்க்கரேகையை ஜிபிஎஸ்ஸோ மனிதனோதான் சொல்ல வேண்டும்.

2015 மார்ச் 10 அன்று சிட்னியில் அந்த ஒரு எண்ணில்தான் தவறு நேர்ந்தது. கோலாலம்பூருக்குப் புறப்படத் தயாரான ஏர் ஆசியா எக்ஸ் ஏர்பஸ் ஏ330. தலைமை விமானி கையால் இடத்தைப் பதிந்தார். பதிய வேண்டியது கிழக்கு 151 பாகை 9.8 நிமிடம், அதாவது 15109.8. பதிந்தது 01519.8. நடுவில் இருக்க வேண்டிய பூச்சியம் முதலில் நுழைந்து, எண்கள் நகர்ந்து, 15 பாகை 19.8 நிமிடம் ஆகிவிட்டது. பதிந்த அட்சரேகை சரியாகவே இருந்ததால் அட்சரேகைச் சோதனையில் இது மாட்டவில்லை. கேப் டவுனுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் மிதப்பதாக விமானம் நம்பியது. பிழை 11,000 கிலோமீட்டருக்கு மேல்.

எச்சரிக்கைச் செய்திகள் வந்தன, அவை கண்டுகொள்ளப்படவில்லை. விமானம் மேலெழுந்து, ஆட்டோபைலட் கைக்கு வந்ததும், பக்கத்து ஓடுபாதையின் புறப்பாட்டுப் பாதையை நோக்கி இடப்பக்கம் திரும்பியது. காற்றிலேயே கோளாறைச் சரிசெய்ய முயன்றதில் இன்னும் சில அமைப்புகள் கைவிட்டன. அதற்குள் சிட்னியில் மேகம் தாழ்ந்துவிட்டது. கண்பார்வையில் இறங்க மெல்போர்ன் வரை போக வேண்டியதாயிற்று. அந்த விமானத்தில் ஒரு சென்சார்கூடப் பழுதில்லை. நூற்றில் ஒரு பாகைக்குக் கணக்குப் பார்க்கும் ஜைரோக்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட பொய்யான இடத்திலிருந்து மிகச் சரியாகக் கணக்கைத் தொடர்ந்தன.

ஐந்தாம் எண்ணும் ஆறாம் எண்ணும்

எம்எச்124க்கு வருவோம். மணிக்கு ஒரு கிலோமீட்டர் நழுவுவது யாரையும் கொல்லாது என்று மேலே பார்த்தோம். அப்படியென்றால் அன்று விமானத்தை மூவாயிரம் அடி தூக்கியது எது? வழிகாட்டும் பெட்டியின் எண்கள் வரைபடத்துக்கு மட்டும் போவதில்லை. வேகம், சாய்வு, முடுக்கம் எல்லாம் விமானத்தை ஓட்டும் கணினிக்கும் ஆட்டோபைலட்டுக்கும் அங்கிருந்துதான் போகின்றன. இடப்பிழை மணிக்கணக்கில் வளரும். பொய்யான முடுக்கம் ஒரு நொடியில் மூக்கைத் தூக்கிவிடும்.

777இன் பெட்டி புத்திசாலித்தனமானது. மூன்று அச்சுகளுக்கு மூன்று சென்சார் என்று வைக்காமல் ஆறு ஜைரோ, ஆறு முடுக்கமானி என்று வைத்து, எல்லாவற்றையும் சாய்வான கோணங்களில் பொருத்தியிருக்கிறார்கள். எந்த ஒன்று போனாலும் மற்றவற்றைக் கொண்டு கணக்குப் போடலாம். ஒரு சென்சார் பழுதானதற்காகப் பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை. வடிவமைப்பின் நோக்கமே அதுதான். 2001 ஜூனில், பின்னாளில் எம்எச்124 ஆகப் பறந்த 9எம்-எம்ஆர்ஜி என்ற விமானத்தின் பெட்டியில் ஐந்தாம் எண் முடுக்கமானி பழுதானது. பெட்டி அதை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தது. விமானம் நான்கு ஆண்டுகள் அப்படியே பறந்தது. இதில் யாருடைய அலட்சியமும் இல்லை, விதிப்படி அனுமதிக்கப்பட்டதுதான்.

2005 ஆகஸ்ட் 1 அன்று ஆறாம் எண் முடுக்கமானியும் போனது. பெட்டி அதை முறைப்படி ஒதுக்கியது. ஆனால் மென்பொருளில் ஒரு குறை இருந்தது: ஆறாம் எண்ணை வெளியே அனுப்பியபோது, ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த ஐந்தாம் எண்ணின் எண்களை உள்ளே விட்டுவிட்டது. நான்காண்டுக்கு முன் பழுதான சென்சார் அள்ளிவிட்ட அபத்தமான முடுக்கங்கள் மூன்று திசைகளிலும் நிஜம்போலப் பதிவாயின. 777இல் துணைக்கு இன்னொரு சிறிய பெட்டியும் உண்டு. அதன் எண்களோடு ஒப்பிட்டு நடுமதிப்பை எடுக்கும் ஏற்பாடு பறப்புக் கணினியில் இருந்ததால்தான் உலுக்கல் இந்த அளவோடு நின்றது.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு இதை விசாரித்து 2007இல் அறிக்கை வெளியிட்டது. அதில் என்னை நெடுநேரம் நிறுத்தியது ஒரு தகவல். அந்தக் குறை மென்பொருளின் முந்தைய பதிப்புகளிலும் இருந்தது. மென்பொருளின் வேறொரு பகுதி அதை மறைத்துக்கொண்டிருந்தது. புதிய பதிப்பில் அந்த மறைப்பு போனதும் குறை தலைகாட்டியது. சோதனையில் ஏன் பிடிபடவில்லை? மென்பொருளைச் சோதிப்பது, அதற்கு எழுதப்பட்ட தேவைப் பட்டியலை வைத்து. ‘ஏற்கெனவே பழுதான ஒன்று இருக்கும்போது இன்னொன்று பழுதானால், பழையதை மறுபடி நம்பாமல் இருக்கிறதா?’ என்ற நிலைமை பட்டியலில் இல்லை. எழுதாததைச் சோதிக்கவில்லை. சம்பவம் நடந்த சில வாரங்களில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அவசர உத்தரவு போட்டு, 777 விமானங்களில் பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றச் சொன்னது.

மூன்றாண்டு கழித்து, இம்முறை நீரிணைக்கு அந்தப் பக்கம். 2008 அக்டோபர் 7, சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்குப் போன குவாண்டஸ் 72. ஏர்பஸ் ஏ330, 37,000 அடியில் நிம்மதியாகப் பறந்துகொண்டிருந்தது. நண்பகலுக்குப் பின் திடீரென்று மூக்கு 8.4 பாகை கீழே குத்தியது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு குத்தல். 303 பயணிகளில் 110 பேரும் சிப்பந்திகளில் 9 பேரும் காயமடைந்தார்கள். அவர்களில் 12 பேருக்குப் பலத்த காயம். விமானம் மேற்கு ஆஸ்திரேலியாவின் லேர்மன்த் விமானப்படைத் தளத்தில் அவசரமாக இறங்கியது.

இதிலும் குற்றவாளி அதே வகைப் பெட்டி, வேறு நிறுவனத் தயாரிப்பு. மூன்றில் ஒன்று, ஓர் அளவின் எண்ணை இன்னோர் அளவின் பெயரில் அனுப்பத் தொடங்கியது. உயரத்துக்கான எண், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தின் பெயரில் போனது. அந்தக் கோணம் 50 பாகைக்கு மேல் என்று கணினிக்கு வந்தது. இப்படி ஒற்றையாக வரும் பொய்யை வடிகட்ட ஏர்பஸ் கணினியில் வழி இருந்தது. ஆனால் 1.2 நொடி இடைவெளியில் இரண்டு பொய் வந்தால் வடிகட்டி ஏமாறும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. கோணம் மிக அதிகம் என்று நம்பிய கணினி, விமானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து மூக்கைத் தாழ்த்தியது. அந்த வகைப் பெட்டிகள் மொத்தம் 12 கோடியே 80 லட்சம் மணி நேரம் ஓடியதில் இந்தக் கோளாறு மூன்றே முறை வந்திருக்கிறது. மூலகாரணம் கடைசிவரை அகப்படவில்லை.

சென்சாரின் தரம் என்று பேசும்போது நாம் பொதுவாகத் துல்லியத்தைத்தான் நினைக்கிறோம். மணிக்கு எவ்வளவு நழுவுகிறது, புதிய ஜைரோ எத்தனை மடங்கு மேல் என்று. என் பார்வையில், இத்துறையின் அறுபது ஆண்டு உழைப்பில் துல்லியப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தீராமல் நிற்பது, பொய் சொல்லும் சென்சாரை அடையாளம் காண்பது. அது கண்ணாடியும் லேசரும் சம்பந்தப்பட்ட வேலை இல்லை. என்னென்ன நடக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வேலை. மேலே சொன்ன இரண்டு விமானங்களிலும் பிழை அங்கேதான் இருந்தது.

மலேசியர்களால் மறக்க முடியாத இன்னொரு 777 உண்டு. 2014 மார்ச் 8 அன்று காணாமல்போன எம்எச்370. அதன் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி, விமானத்தின் இடத்தையும் வேகத்தையும் உள்ளிருந்து வாங்கி, அசைவால் அலைவரிசையில் வரும் மாற்றத்தை ஈடுசெய்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள் அசையாமல் ஓரிடத்தில் நிற்பதாக அது எடுத்துக்கொண்டது. உண்மையில் செயற்கைக்கோள் சற்று மேலும் கீழும் ஆடியது. அதனால் மிச்சம் விழுந்த சிறு பிழை வடக்கே போனால் ஒரு மாதிரியும் தெற்கே போனால் வேறு மாதிரியும் இருக்கும். விமானம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்குப் போனது என்ற முடிவுக்கு இன்மார்சாட் பொறியாளர்கள் அந்த மிச்சத்தைக் கொண்டுதான் வந்தார்கள். 239 பேரைப் பற்றி இன்றுவரை நமக்குக் கிடைத்திருக்கும் வலுவான தடயங்களில் ஒன்று, முழுதாக ஈடுசெய்யப்படாத ஒரு பிழை.

ஜிபிஎஸ் கையை விட்டால்

இப்போது பெட்டிகள் தனியாக வேலை செய்வதில்லை. ஜிபிஎஸ் தரும் இடத்தோடு தன் கணக்கை ஒப்பிட்டு, வித்தியாசத்திலிருந்து தன் சென்சார்களின் பிழையையே கற்றுக்கொள்கின்றன. ருடால்ஃப் கால்மன் 1960இல் கொடுத்த கணித முறை. குறுகிய நேரத்துக்கு ஐஆர்எஸ் நம்பகமானது, நீண்ட நேரத்துக்கு ஜிபிஎஸ் நம்பகமானது. இரண்டையும் கலந்தால் சில மீட்டர் துல்லியம்.

2019இல் பாசிர் கூடாங் வான்வெளிச் சர்ச்சை எப்படி முடிந்தது என்பது நினைவிருக்கும். செலேத்தாரில் இறங்குவதற்குத் தரையிலிருந்து ரேடியோ கற்றை காட்டும் ஐஎல்எஸ் முறையை சிங்கப்பூர் கொண்டுவரப் போக, பாசிர் கூடாங்கில் கட்டட உயரத்துக்கும் துறைமுகத்துக்கும் கட்டுப்பாடு வரும் என்று மலேசியா எதிர்த்தது. அந்த ஏப்ரலில் சிங்கப்பூர் ஐஎல்எஸ்ஸைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பதில் ஜிபிஎஸ் அடிப்படையிலான இறங்குமுறையை வகுப்பது என்று இரு நாடுகளும் ஒத்துக்கொண்டன. அரசியலுக்கு அது நல்ல தீர்வு. தொழில்நுட்பத்தில் அதற்கு ஒரு விலை உண்டு: தரைக் கற்றையை நம்பியிருக்கக்கூடிய இடத்தில் வானத்துச் சமிக்ஞையை நம்ப வேண்டும்.

அந்தச் சமிக்ஞை நம் பகுதியில் இயல்பாகவே கொஞ்சம் சலனப்படும். நிலநடுக்கோட்டை ஒட்டிய வான்மண்டலத்தில் சூரியன் மறைந்த பிறகு மின்னூட்டம் கொண்ட அடுக்குகள் குமிழிட்டுக் கலையும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும், சூரியன் சீற்றமாக இருக்கும் ஆண்டுகளிலும் இது அதிகம். இது தெரிந்த தொல்லை. சமிக்ஞை தடுமாறும்போது ஐஆர்எஸ் பொறுப்பேற்றுக்கொள்ளும்.

மனிதர்கள் செய்வது வேறு. 2023 செப்டம்பரிலிருந்து மேற்காசிய வான்வெளியில் விமானங்களுக்குப் பொய் ஜிபிஎஸ் சமிக்ஞைகள் வரத் தொடங்கின. வெறுமனே மறைப்பதில்லை, வேறோர் இடத்தை உண்மைபோலக் காட்டுவது. இந்தியாவில் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பக்கம் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை 465 சம்பவங்கள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. 2025 நவம்பரில் டில்லி விமான நிலையத்தைச் சுற்றியே இது நடந்தது. இங்கேதான் கலப்பு முறையின் பலவீனம் தெரிகிறது. பொய்ச் சமிக்ஞை மெல்ல மெல்ல விலகினால், ‘என் ஜைரோ நழுவுகிறது போலும்’ என்று முடிவுகட்டி, நன்றாக இருக்கும் சென்சாருக்குப் பெட்டி தானே தவறான திருத்தம் போட்டுக்கொள்ளும். சில விமானங்களில் ஜிபிஎஸ்ஸோடு ஐஆர்எஸ்ஸும் சேர்ந்து கெட்டது இதனால்தான்.

2025 மார்ச் கடைசியில் மியான்மார் நிலநடுக்கத்துக்கு நிவாரணம் கொண்டுபோன இந்திய விமானப்படை விமானங்களுக்கும் வானில் பொய் ஜிபிஎஸ் குறுக்கிட்டதாகச் செய்தி வந்தது. விமானிகள் ஐஆர்எஸ்ஸுக்கு மாறி வேலையை முடித்தார்கள். நம்மிடமிருந்து சில மணி நேரப் பறப்பில் இருக்கும் நாடு அது.

என்னைக் கேட்டால், சந்தேகமான வான்வெளிக்குள் நுழையுமுன்பே ஜிபிஎஸ்ஸைக் கணக்கிலிருந்து துண்டிப்பதுதான் சரி. பல நிறுவனங்கள் இப்போது அப்படித்தான் சொல்லிக்கொடுக்கின்றன. நான்கு மணி நேரத்தில் நான்கு கிலோமீட்டர் தவறும் நேர்மையான பெட்டியை, தரையிலுள்ள ரேடியோ நிலையங்களை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். ஜொகூர் பாருவின் வீஓஆர் நிலையம் அந்த வகையைச் சேர்ந்தது. பழைய தொழில்நுட்பம், பராமரிக்கச் செலவு என்று உலகம் முழுவதும் இவற்றை ஒவ்வொன்றாக மூடிவருகிறார்கள். மூடும் பட்டியலை நிதானமாக மறுபடி பார்ப்பது நல்லது.

விமானிகளுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. தரையிறங்கி, விமானம் வாயிலில் முழுதாக நின்ற பிறகு, ஐஆர்எஸ் காட்டும் தரைவேகத்தைப் பார்ப்பார்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிற்கும் விமானம், மணிக்கு இரண்டு மூன்று கடல் மைல் வேகத்தில் நகர்ந்துகொண்டிருப்பதாகப் பெட்டி சொல்லும். அதுதான் அன்றைய பயணத்தில் சேர்ந்த பிழை. எண் சிறியதாக இருந்தால் பெட்டி நலம். வரம்பைத் தாண்டினால் பதிவேட்டில் எழுதிப் பெட்டியை மாற்றச் சொல்வார்கள். வாயிலின் உண்மையான இடத்தோடு பெட்டி சொல்லும் இடத்தையும் ஒப்பிடுவதுண்டு. ஜிபிஎஸ் கலந்த எண்ணில் இது தெரியாது; கலக்காத தனிக்கணக்கைத் தேடிப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் வந்தபின் அதற்கு அவசியம் குறைந்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் விமானிகள் செனாயிலும் சாங்கியிலும் கூடுவார்கள் என்றே நினைக்கிறேன்.